ஒரு இஞ்ச் பைப்புக்கு ஒரு கிளாம்ப்: ஃப்ரீகேடில் முதல் முப்பரிமாண மாடல்

கடையில் போய் "ஒரு இஞ்ச் பைப்" என்று கேட்டால் எதைக் கேட்டதாக அர்த்தம்? ஜிஐ பைப் என்றால் வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர். வீட்டு பிளம்பிங்குக்கு வரும் யுபிவிசி என்றால் 33.4. வெந்நீர்க் குழாய்க்குப் போடும் சிபிவிசி என்றால் 28.6. தோட்டத்துக்குப் போடும் பிவிசி என்றால் பெரும்பாலும் 32 மில்லி பைப்பை எடுத்துத் தருவார்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணே வெளிவிட்டம். பெயர் ஒன்று, பொருள் நான்கு. ஒரு இஞ்சுக்கு உரிய 25.4 மில்லி இதில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முப்பரிமாண மாடலிங் கற்க வருபவர்களில் பாதிப் பேர் சாஃப்ட்வேரில் தடுக்கி விழுவதில்லை. இங்கேதான் விழுகிறார்கள். கோடு இழுக்க இரண்டு நாளில் வந்துவிடும். எந்த அளவு எதைச் சார்ந்து நிற்கிறது என்று தீர்மானிக்கத்தான் நாள் பிடிக்கும். அதனால் இந்தப் பதிவில் ஒரே ஒரு சின்னப் பாகத்தை எடுத்து, கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்கலாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பாலிஹவுஸ் வைத்திருக்கிற யாருக்கும் தேவைப்படுகிற பாகம்: ஜிஐ பைப்பை இரண்டு பக்கமிருந்தும் கவ்விப் பிடிக்கும், இரண்டு அரைத்துண்டுகளாலான கிளாம்ப். கணினியில் மாடல் செய்து, முப்பரிமாண பிரிண்டரில் பிளாஸ்டிக்கில் அடிக்கப் போகிறோம்.

நீலகிரியில் இருப்பவர்களுக்கு முதல் ஆசை என்னவாக இருக்கும் என்று தெரியும். ஊட்டி ரயில். மீட்டர் கேஜ், கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம், 1-க்கு 12 ஏற்றம் என்று மாடல் செய்யத் தூண்டும் எல்லாமே அதில் உண்டு. ஆனால் முதல் மாடலுக்கு அது வேண்டாம். கையில் எடுத்து வெர்னியர் வைத்து அளக்க முடியாத எதையும் முதலில் தொடாதீர்கள். படத்தைப் பார்த்துச் செய்த மாடல் தப்பாக இருந்தால் அது தப்பு என்றுகூடத் தெரியாது. கிளாம்ப் தப்பாக இருந்தால் பைப்பே சொல்லிவிடும்.

எந்த சாஃப்ட்வேர்?

டிங்கர்கேட் குழந்தைகளுக்கும் ஒரு மணி நேர அவசரத்துக்கும் நல்லது. ஆன்ஷேப் அருமையான கருவிதான், ஆனால் பிரவுசருக்குள் ஓடுவது. இணையம் தொடர்ந்து இருக்க வேண்டும். இலவசக் கணக்கில் செய்யும் ஆவணங்கள் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில்தான் இருக்கும். ஃப்யூஷனுக்குத் தனிநபர் உரிமம் உண்டு, வரம்புகளோடு. பிளெண்டரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். சிற்பம், அனிமேஷன், காட்சிப் படம் என்றால் சரி. 33.7-ஐ 48.3 ஆக்கினால் மற்ற அளவெல்லாம் தானே நகர வேண்டும் என்ற வேலைக்கு அது பிறக்கவில்லை.

மழைக்காலத்தில் இணையம் போய்ப் போய் வருகிற ஊரில் இருந்துகொண்டு சொல்வதென்றால் ஃப்ரீகேட்தான். இலவசம், திறந்த மூலம், ஒரு தடவை இறக்கிவிட்டால் இணையமே தேவையில்லை. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப்பில் இந்த அளவு வேலை தாராளமாக ஓடும். 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய பதிப்பைத் தப்பித் தவறியும் நிறுவாதீர்கள். காரணம் கீழே வரும்.

நிறுவியதும் மூன்று அமைப்புகளை மாற்றிவிடுங்கள். ப்ரிஃபரன்ஸ் பகுதியில் அலகு மில்லிமீட்டராக இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோ ரெகவரி நேரம் 15 நிமிடம் என்றிருக்கும், அதை 5 ஆக்குங்கள்; கரன்ட் போகிற ஊரில் பேட்டரி பலவீனமான பழைய லேப்டாப் வைத்திருந்தால் 2. மூன்றாவது, ஸ்கெட்சர் (தட்டையான கோட்டுப்படம், அதாவது ஸ்கெட்ச், வரையும் பகுதி) அமைப்பில் எஸ்கேப் பட்டனை அழுத்தினால் ஸ்கெட்சை விட்டு வெளியேறும் வசதி ஒன்று இருக்கும், அதன் டிக்கை எடுத்துவிடுங்கள். புதியவர்கள் ஒரு கருவியிலிருந்து வெளியே வர எஸ்கேப்பை இரண்டு மூன்று தடவை தட்டுவார்கள். ஸ்கெட்சே மூடிக்கொள்ளும். "எல்லாம் போச்சு" என்ற பதற்றம் பெரும்பாலும் இதுதான்.

மவுஸ் இருந்தால் நல்லது. டச்பேட்தான் என்றால் கீழே வலது மூலையில் நேவிகேஷன் பாணியை ஜெஸ்ச்சர் என்று மாற்றிக்கொள்ளுங்கள். எண் விசை 1 முன்பக்கம், 2 மேல்பக்கம், 3 வலப்பக்கம், 0 சாய்கோணக் காட்சி. மாடல் திரையை விட்டு எங்கோ ஓடிவிட்டால் 'வி' அழுத்தி 'எஃப்' அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும்.

அளப்பது

150 மில்லி டிஜிட்டல் வெர்னியர் போதும். வாயை மூடி பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, பைப்பை ஒரே இடத்தில் குறுக்காக இரண்டு திசையில், பிறகு அரை மீட்டர் தள்ளி மறுபடி அளக்க வேண்டும். ஜிஐ பைப் முழு வட்டமாக இருக்காது. துத்தநாகப் பூச்சு சில இடத்தில் திரண்டு நிற்கும். 33.5, 33.9, 33.7 என்று வந்தால் பெரியதை ஒதுக்காதீர்கள், அதுவும் பைப்தான். பைப்பில் மஞ்சள், நீலம், சிவப்பு என்று அடித்திருக்கும் பட்டை லைட், மீடியம், ஹெவி வகையைச் சொல்கிறது. மாறுவது சுவரின் கனம். வெளிவிட்டம் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே கிளாம்புக்கு அந்த நிறம் ஒரு பொருட்டில்லை.

வெர்னியர் இல்லையா? ஒரு காகிதப் பட்டையைப் பைப்பைச் சுற்றி இறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று வரும் இடத்தில் குண்டூசியால் குத்துங்கள். பிரித்து இரண்டு துளைக்கும் நடுவே அளங்கள். 106 மில்லி வந்தால் 3.1416-ஆல் வகுக்க 33.74. ஸ்கேலில் அரை மில்லி தப்பினால்கூட விட்டத்தில் 0.16தான் தப்பும். மட்டமான வெர்னியரைவிட இது நம்பகமானது.

முதலில் அட்டவணை, பிறகுதான் படம்

புதியவர்கள் நேராக ஸ்கெட்சைத் திறப்பார்கள். வேண்டாம். ஸ்ப்ரெட்ஷீட் வொர்க்பெஞ்சை (வொர்க்பெஞ்ச் என்பது ஃப்ரீகேடில் ஒரு வகை வேலைக்கான தனிப் பகுதி) திறந்து அளவுகளை எழுதுங்கள். நமக்கு வேண்டியவை: பைப் வெளிவிட்டம் 33.7, லூஸ் (பைப்புக்கும் கிளாம்புக்கும் நடுவே விடும் தளர்வு) 0.3, கிளாம்பின் கனம் 4, காதின் (போல்ட் போட இரண்டு பக்கமும் நீளும் தட்டையான பகுதி) கனம் 6, காதின் நீளம் 17, இரண்டு அரைத்துண்டுகளுக்கும் நடுவே இடைவெளி 1, அகலம் 20, போல்ட் துளை 5.5. கடைசி அளவு எம்5 போல்டுக்கானது. எம்5 என்றால் 5 மில்லி துளை போட்டுவிட்டு போல்ட் நுழையவில்லை என்பவர்கள் அதிகம். எம்4-க்கு 4.5, எம்5-க்கு 5.5, எம்6-க்கு 6.6, எம்8-க்கு 9 என்பதுதான் வழக்கமான துளை.

இவற்றுக்குக் கீழே கணக்கில் வரும் இரண்டு: உள் ஆரம் = (வெளிவிட்டம் + லூஸ்) / 2, அதாவது 17. வெளி ஆரம் = உள் ஆரம் + கனம், அதாவது 21.

அந்த 1 மில்லி இடைவெளி எதற்கு என்று கேட்கத் தோன்ற வேண்டும். இரண்டு அரைத்துண்டும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் போல்டை எவ்வளவு முறுக்கினாலும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும்தான் அழுந்தும், பைப் உள்ளே சுழன்றுகொண்டே இருக்கும். நடுவே வெற்றிடம் இருந்தால்தான் முறுக்கம் பைப்புக்குப் போய்ச் சேரும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஏலியாஸ் என்று போய்ப் பெயர் வையுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல். இங்கே ஒரு கண்ணி: போல்ட் அளவுக்கு எம்5 என்றே ஏலியாஸ் கொடுத்தால் ஏற்காது. ஏனென்றால் அந்த அட்டவணையில் எம் நெடுவரிசை ஐந்தாம் வரிசைக் கட்டத்தின் பெயரே எம்5. காரணம் தெரியாமல் இதில் அரை மணி நேரம் போய்விடும். இன்னொன்று: எண்ணோடு அலகையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு கட்டத்தில் 33.7 மில்லி என்றும் இன்னொன்றில் வெறும் 0.3 என்றும் இருந்தால், நீளத்தோடு வெறும் எண்ணைக் கூட்ட முடியாது என்று ஃப்ரீகேட் முரண்டு பிடிக்கும். அது சரியான முரண்டுதான்.

ஸ்கெட்ச்: 26-லிருந்து பூஜ்யம் வரை

பார்ட் டிசைன் வொர்க்பெஞ்சுக்குப் போய் ஒரு பாடியை (ஒரு பாகத்தின் எல்லாப் படிகளும் அடங்கும் உறை) உருவாக்குங்கள். பக்கத்து மரப்பட்டியலில் அதன் பெயர் தடித்த எழுத்தில் இருந்தால் அது செயலில் இருக்கிறது என்று அர்த்தம். இல்லையென்றால் இரட்டைக் கிளிக். பாடிக்கு வெளியே போட்ட ஸ்கெட்ச் பிறகு எதற்கும் உதவாமல் தொங்கிக்கொண்டு நிற்கும்.

புது ஸ்கெட்ச், எக்ஸ்-ஒய் தளம். மூலப்புள்ளியைப் பைப்பின் மையத்தில் வைக்கிறோம். கிளாம்பின் மூலையிலோ காதின் ஓரத்திலோ இல்லை. எல்லா அளவும் பைப்பிலிருந்துதான் பிறக்கிறது என்பதால் பூஜ்யமும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஒரு அரைத்துண்டின் வலது பாதியை மட்டும் வரைந்தால் போதும். இடது பாதியைப் பிறகு கண்ணாடி பிம்பமாக எடுத்துக்கொள்ளலாம். ஆறு கோடுகள்: பைப்பைத் தொடும் உள் வில், ஒய் அச்சின் மேல் ஒரு குட்டி நேர்க்கோடு, வெளி வில், காதின் மேல்விளிம்பு, காதின் முனை, காதின் அடிவிளிம்பு. அடிவிளிம்பு எக்ஸ் அச்சின் மேல் படாமல் அரை மில்லி மேலே ஓடி, உள் வில்லில் வந்து சேரும். முதலில் தோராயமாக வரைந்துகொள்ளுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டும் என்று மவுஸை நடுங்க நடுங்கப் பிடிக்க வேண்டியதில்லை. உருவம் சரியாக இருந்தால் போதும்.

இப்போதுதான் உண்மையான வேலை. பிளஸ் ஒன் இயற்பியலில் சுதந்திர இயக்கக் கூறு என்று படித்திருப்பீர்கள். ஸ்கெட்சிலும் அதுவே. ஒரு நேர்க்கோட்டுக்கு நான்கு: இரண்டு முனைக்கும் தலா இரண்டு. ஒரு வில்லுக்கு ஐந்து: மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று, தொடங்கும் கோணம், முடியும் கோணம். நம்மிடம் நான்கு கோடு, இரண்டு வில். 16 + 10 = 26. இந்த 26-ஐயும் நாம் ஒவ்வொன்றாகக் கட்டிப்போட வேண்டும்.

ஆறு மூலைகளிலும் முனையோடு முனையை இணைத்தால் மூலைக்கு இரண்டு வீதம் 12 போயிற்று. மிச்சம் 14. இரண்டு வில்லின் மையத்தையும் மூலப்புள்ளியில் வைத்தால் இன்னும் 4, மிச்சம் 10. குட்டிக் கோட்டின் இரண்டு முனையையும் ஒய் அச்சின் மேல் வைத்தால் 2, மிச்சம் 8. காதின் மேல்விளிம்பும் அடிவிளிம்பும் கிடைமட்டம், முனை செங்குத்து என்றால் 3, மிச்சம் 5. அந்த ஐந்தும்தான் நாம் எண்ணாகக் கொடுக்க வேண்டிய ஐந்து அளவுகள்: உள் ஆரம், வெளி ஆரம், அடிவிளிம்பின் உயரம் (இடைவெளியில் பாதி), காதின் கனம், மூலப்புள்ளியிலிருந்து காதின் முனை வரை உள்ள தூரம். ஐந்தையும் கொடுத்ததும் ஸ்கெட்ச் முழுவதும் பச்சையாக மாறும்.

இந்தக் கணக்கை ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தவருக்குப் பிறகு எந்த கேட் சாஃப்ட்வேரும் புதிராக இருக்காது. சாலிட்வொர்க்ஸ் ஆனாலும் ஃப்யூஷன் ஆனாலும் அடியில் ஓடுவது இதே கூட்டல் கழித்தல்தான்.

அளவு கொடுக்கும் பெட்டியில் எண்ணை அடிக்காமல் = குறியை அடியுங்கள். சூத்திரப் பெட்டி திறக்கும். அதில் ஸ்ப்ரெட்ஷீட்டின் பெயர், ஒரு புள்ளி, ஏலியாஸ் என்று எழுதினால் அட்டவணையோடு இணைந்துவிடும். காதின் முனைக்கு வெளி ஆரம் + காதின் நீளம்; 21 + 17 = 38.

இனி, இந்த இடத்தில் என்னவெல்லாம் கெடும் என்று பார்ப்போம்.

ஸ்கெட்ச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ மாறி, தேவையற்ற கட்டுப்பாடு இருக்கிறது என்று செய்தி வரும். நம் பாகத்தில் இது கிட்டத்தட்ட நிச்சயம் அந்தக் குட்டிக் கோட்டில்தான் நடக்கும். இரண்டு முனையும் ஒய் அச்சின் மேல் இருக்கிறது என்று சொன்ன பிறகு, 'செங்குத்து' என்றும் சொல்லியிருப்பீர்கள். அல்லது நீங்கள் வரையும்போதே ஃப்ரீகேட் தானாக அதைச் சேர்த்திருக்கும். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னால் அதற்குப் பிடிக்காது. செய்தியின் மேல் கிளிக் செய்தால் எந்தக் கட்டுப்பாடு என்று காட்டும். அதை நீக்குங்கள், மற்றதைத் தொடாதீர்கள்.

பேட் (தட்டையான ஸ்கெட்சுக்குக் கனம் கொடுக்கும் கருவி) கொடுக்கும்போது வடிவம் மூடவில்லை என்று பிழை வந்தால், ஏதோ ஒரு மூலையில் இரண்டு முனைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, இணைக்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாமல் போகலாம். அதனால்தான் மிச்சக் கணக்கு முக்கியம்: எல்லாம் கொடுத்த பிறகும் இரண்டு மிச்சம் என்று காட்டினால் ஒரு மூலை திறந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். வேலிடேட் ஸ்கெட்ச் என்ற கருவி விட்டுப்போன இணைப்புகளைத் தேடிக் கொடுக்கும். வில்லின் நுனியை இழுத்துப் பார்ப்பது அதைவிட வேகம். இணையாத முனை கையோடு வந்துவிடும்.

மூன்றாவது தவறு, எரிச்சல் தாங்காமல் எல்லாவற்றுக்கும் பூட்டுப் போடுவது. ஒவ்வொரு புள்ளிக்கும் எக்ஸ் தூரம், ஒய் தூரம் கொடுத்தாலும் ஸ்கெட்ச் பச்சையாகும். ஆனால் அது செத்த பச்சை. பைப் 42.4 ஆனால் எதுவும் நகராது.

கனம், துளை, பிம்பம், வளைவு

ஸ்கெட்சை மூடி, பேட். நீளம் அட்டவணையிலிருந்து அகலம், 20. இரண்டு பக்கமும் சமமாக வளரும்படி 'சிமெட்ரிக்' தேர்வைக் கொடுங்கள். அப்போது எக்ஸ்-இசட் தளத்தின் கிடைமட்ட அச்சு கிளாம்பின் நட்டநடுவில் ஓடும். துளைக்கு ஒரு தூரம் மட்டும் கொடுத்தால் போதும், இன்னொன்று அச்சே பார்த்துக்கொள்ளும்.

துளைக்கான ஸ்கெட்சைக் காதின் மேல்பரப்பைக் கிளிக் செய்து அதன்மேல் போடத்தான் கை போகும். பாடியின் மூலத் தளமான எக்ஸ்-இசட்டில் போடுங்கள். 1.0-க்கு முந்தைய பதிப்புகளில் மாடலைத் திருத்தும்போது பரப்புகளின் உள் எண்கள் மாறிவிடும். ஆறாவது பரப்பில் இருந்த துளை, மாறிய ஆறாவது பரப்புக்குத் தாவும். 1.0 இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டது. ஆனாலும் நகராத தளம் கையில் இருக்கும்போது நகரக்கூடிய பரப்பில் ஏன் சாய வேண்டும்?

வட்டத்தின் மையம் எக்ஸ் அச்சின் மேல், தூரம் வெளி ஆரம் + காதின் நீளத்தில் பாதி, அதாவது 29.5. விட்டம் 5.5. பாக்கெட் (வெட்டியெடுக்கும் கருவி), 'த்ரூ ஆல்'. துளை விழவில்லையென்றால் வெட்டு எதிர்த்திசையில் காற்றில் போயிருக்கிறது. 'ரிவர்ஸ்டு' டிக்கைப் போடுங்கள். 10 மில்லி வாஷர் 24.5-லிருந்து 34.5 வரை உட்காரும். காது 38 வரை இருக்கிறது. இடம் போதும்.

பிறகு மரப்பட்டியலில் பேட், பாக்கெட் இரண்டையும் சேர்த்துத் தேர்ந்து 'மிரர்டு' கொடுங்கள். பிம்பத் தளமாக மூல ஒய்-இசட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தானாக வரும் 'ஸ்கெட்ச் அச்சு' எந்த ஸ்கெட்சின் அச்சு என்ற குழப்பம் வரும். அந்தக் குட்டிக் கோடு அச்சிலிருந்து மயிரிழை விலகியிருந்தால்கூட இரண்டு பாதியும் ஒட்டாமல் இரண்டு தனித்துண்டாக நிற்கும்.

காது வெளி வில்லோடு சேரும் உள்மூலையில் 3 மில்லி ஃபில்லெட், அதாவது மூலையை வளைவாக்குவது. போல்டை முறுக்கும்போது கிளாம்ப் உடைவது அந்த மூலையில்தான். கூர்மையாக விட்டால் விசை முழுவதும் ஒரு கோட்டில் குவியும். ஃபில்லெட்டைக் கடைசியில் வைக்க ஒரு காரணம் இருக்கிறது: முன்னதாகப் போட்டால் பிம்பத்தோடு அது ஒழுங்காக வராது, ஒரு பக்கம் வளைவும் மறுபக்கம் கூர்மையுமாக நிற்கும். பொதுவாகவே ஃபில்லெட்டும் சாம்ஃபரும் (விளிம்பைச் சாய்வாகச் சீவுவது) மாடலின் கடைசி வரிசைக்காரர்கள்.

இப்போது சோதனை. அட்டவணையில் 33.7-ஐ 21.3 ஆக்குங்கள், அது அரை இஞ்ச் ஜிஐ. பிறகு 60.3, இரண்டு இஞ்ச். இரண்டிலும் பிழையில்லாமல் உருவம் மாறினால் மாடல் நன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது. எங்காவது சிவப்பு வந்தால் அந்த இடத்தில் எண்ணை நேரடியாக அடித்திருக்கிறீர்கள்.

பிரிண்டருக்குப் போகும் முன்

பிரிண்டருக்காக ஏற்றுமதி செய்யும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது. வெறும் எண்கள்தான். 76 என்று இருந்தால் அது மில்லியா இஞ்சா என்று கோப்புக்கே தெரியாது. 3எம்எஃப் வடிவில் அலகும் சேர்ந்து போகும். முடிந்தவரை அதையே பயன்படுத்துங்கள். ஸ்லைசரில் (மாடலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பிரிண்டருக்குக் கொடுக்கும் சாஃப்ட்வேர்) திறந்ததும் அளவைப் பாருங்கள்: 76 × 20.5 × 20. ஒய் அளவு 21 இல்லை, 20.5, இடைவெளியில் பாதியான அந்த அரை மில்லி அங்கே தெரிகிறது. 21 காட்டினால் இடைவெளியை மறந்திருக்கிறீர்கள். முழு நிறைவாக அடித்தால் ஒரு அரைத்துண்டின் கன அளவு சுமார் 8.6 கன சென்டிமீட்டர். பிஇடிஜி என்ற பிரிண்டர் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.27 என்பதால் ஏறக்குறைய 11 கிராம். ஸ்லைசர் 110 கிராம் என்றால் எங்கோ தப்பு.

எஸ்டிஎல்லாகத்தான் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றால் வளைவின் விலகலையும் கவனியுங்கள். வட்டம் அங்கே பல நேர்க்கோடுகளாக உடைகிறது. 0.1 மில்லி விலகலை 0.02 ஆக்கினால் உள் வில் வழவழப்பாக வரும்.

எப்படிப் படுக்க வைத்து அடிப்பது? வரைந்த முகம் கீழே இருக்கும்படி, பைப் செங்குத்தாக வருவதுபோல. அப்போது ஒவ்வொரு அடுக்கிலும் பிளாஸ்டிக் இழை வில்லைச் சுற்றியே ஓடி ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போகும். பாலம் மாதிரி நிறுத்தி வைத்து அடித்தால் காதின் அடியில் அடுக்கும் அடுக்கும் பிரிந்து சட்டென்று உடையும். கணினியில் இரண்டும் ஒரே மாடல்தான். கையில் வலிமை இரண்டுக்கும் வேறு.

முழுத் துண்டை அடிக்கும் முன் அட்டவணையில் அகலத்தை 5 ஆக்கி ஒரு சோதனைத் துண்டு அடித்துப் பைப்பில் வைத்துப் பாருங்கள். பிரிண்டரில் துளைகள் பொதுவாகக் கொஞ்சம் சிறுத்தே வரும், பிரிண்டருக்குப் பிரிண்டர் 0.1 முதல் 0.3 வரை. இறுக்கமாக இருந்தால் லூஸை 0.5 ஆக்குங்கள். வெளிவிட்டத்தைத் தொடாதீர்கள்! பைப் 33.7தான். பிரிண்டரின் குறையை பைப்பின் கணக்கில் எழுதினால் ஆறு மாதம் கழித்து எந்த எண் நிஜம் என்று யாருக்கும் தெரியாது.

பொருள்: பிஎல்ஏ பிளாஸ்டிக் வேண்டாம். 60 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே அது தளர ஆரம்பிக்கும். ஊட்டிக் குளிரில் என்ன என்று நினைக்கலாம். பங்குனி வெயிலில் மூடிய பாலிஹவுஸின் கூரைப் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். போதாததற்கு, இறுக்கிய போல்டின் கீழே பிஎல்ஏ மெல்ல மெல்ல அமுங்கி, பிடிப்பு தளரும். பிஇடிஜி பரவாயில்லை, வருடக்கணக்கில் வெயிலில் நிற்க வேண்டுமென்றால் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக். ஆனால் ஏஎஸ்ஏ மலையூரின் குளிர்ந்த அறையில் மூலை தூக்கும். பிரிண்டரைச் சுற்றி அட்டைப்பெட்டியாவது கவிழ்த்து, ஜன்னல் காற்று படாமல் அடிக்க வேண்டும். அதன் புகை நல்லதில்லை, அதனால் நீங்கள் அதே அறையில் உட்காராதீர்கள்.

ஆனி முதல் கார்த்திகை வரை ஏதாவதொரு பருவமழை இங்கே இருந்துகொண்டே இருக்கும். திறந்து வைத்த இழைச்சுருள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நாசிலில் படபடவென்று பொரிவது போல் சத்தம், துண்டின் மேல் சிலந்தி நூல்: ஈரம்தான் காரணம். பிஇடிஜியை 65 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் காயவைத்து, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

போல்ட் நீளம்: இரண்டு காது 12, இடைவெளி 1, இரண்டு வாஷர் 2, நட் ஏறக்குறைய 5. மொத்தம் 20. 20 மில்லி போல்ட் வாங்கினால் நட்டின் கடைசிப் புரி பிடிக்காது. 25 வாங்குங்கள். பனியிலும் மழையிலும் நிற்பதால் ஸ்டெயின்லெஸ்.

அடுத்து, சரிவு

கிளாம்ப் கைவந்த பிறகு செய்து பார்க்க மலைக்காரர்களுக்கென்றே ஒரு பாகம் இருக்கிறது: சரிவான காங்கிரீட்டில் கம்பத்தை நேராக நிறுத்த ஆப்பு வடிவ அடிக்கட்டை. இங்கே கற்க வேண்டியது ஒரே ஒரு தீர்மானம்.

சரிவைக் கோணமாக அளக்காதீர்கள். ஒரு மீட்டர் நீள நேர்ச்சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கத் தரையில் வைத்து, ரசமட்டம் வைத்துக் கிடையாகப் பிடித்து, மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை டேப்பில் அளங்கள். 180 மில்லி வந்தால் அட்டவணையில் உயரம் 180, ஓட்டம் 1000 என்று அப்படியே எழுதுங்கள். கோணத்தை ஃப்ரீகேடே கணக்கிடும், 10.2 டிகிரி. ரயிலின் 1-க்கு 12 வெறும் 4.76 டிகிரிதான் என்றால் பலர் நம்பமாட்டார்கள். நம் வீட்டுப் பாதை அதைவிடச் செங்குத்து. 120 மில்லி சதுரக் கட்டை, மெல்லிய ஓரம் 8 என்றால் தடித்த ஓரம் 8 + 120 × 0.18 = 29.6.

தீர்மானம் இதுதான்: போல்ட் துளை எந்தப் பரப்புக்குச் செங்குத்து? சரிந்த அடிப்பரப்பைக் கிளிக் செய்து அதில் துளை போட்டால் துளையும் சாயும். மேலே வாஷர் ஒரு விளிம்பில் மட்டும் உட்கார்ந்து, முறுக்கும்போது போல்ட் வளையும். கம்பம் நிற்பது கிடையான மேல்பரப்பில். ஆகவே மூலப்புள்ளி மேல்பரப்பில், மேல்பரப்பே எக்ஸ்-ஒய் தளம், துளை அந்தத் தளத்திலிருந்து நேராகக் கீழே. ஆப்பின் சரிவு மூலப்புள்ளிக்குக் கீழே தொங்க வேண்டும். சரிவு நாளை 22 டிகிரி ஆனாலும் துளை நேராகவே இருக்கும். காங்கிரீட்டில் ஆங்கர் துளை போடுபவரிடமும் சொல்லிவிடுங்கள், டிரில்லை ரசமட்டம் பார்த்துச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், சரிந்த தரைக்குச் செங்குத்தாக அல்ல.

இந்தக் கட்டையைப் பட்டறையில் கொடுத்துச் செய்வதென்றால், கோவைக்கு அனுப்பும் கோப்பு வேலைக்கு வேலை மாறும். சிஎன்சி மில்லிங்குக்கு ஸ்டெப் கோப்பு. தகட்டில் லேசர் வெட்டுக்கு டிஎக்ஸ்எஃப், அதுவும் 1:1 அளவில், மில்லிமீட்டரில். உள்ளூர் வெல்டரிடம் என்றால் வரைபடத் தாள் தயாரிக்கும் டெக்டிரா வொர்க்பெஞ்சில் ஒரு ஏ4 தாளில் மூன்று காட்சியும் அளவும். அதில் ப்ரொஜெக்‌ஷன் முறையை (எந்தக் காட்சியைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்ற வழக்கம்) மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் சொல்லிக்கொடுப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க வீடியோ பார்த்துக் கற்றவர்கள் தேர்ட் ஆங்கிளில் அனுப்புவார்கள். இரண்டிலும் இடப்பக்கக் காட்சியும் வலப்பக்கக் காட்சியும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். தலைப்புக் கட்டத்தில் எந்த முறை என்று காட்டும் குறியீட்டைப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே 'தடித்த ஓரம் பள்ளத்துப் பக்கம்' என்று தமிழில் ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.